டைவிங் சான்றிதழ் வந்தாயிற்று; 60,000 ரூபாயில் எதை முதலில் வாங்குவது?

கேள்வி: அந்தமானின் ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்க நிலைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். ஊர் சென்னை, இனி புதுச்சேரியில் அடிக்கடி டைவ் போகும் எண்ணம். சொந்தமாகச் சாமான் வாங்க 60,000 ரூபாய் வரை ஒதுக்கலாம். தெரிந்த டைவர் ஒருவர் எட்டு வருடப் பழைய முழு செட்டையும் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர், காற்று ஊதி மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டையான பிசிடி, டைவ் கம்ப்யூட்டர், காற்று சிலிண்டர்) 45,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? எனக்குக் கண் பவர் மைனஸ் 3. மீசையும் உண்டு.

பதில்: செட்டாக வாங்க வேண்டாம். நம் பக்கத்து டைவ் சென்டர்களில் பெரும்பாலும் டைவ் கட்டணத்திலேயே ரெகுலேட்டர், பிசிடி, சிலிண்டர், மூழ்க உதவும் ஈய வெயிட் எல்லாம் அடக்கம். சொந்த செட் கொண்டுபோனால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். சொற்பத் தொகைதான் குறையும் என்றால், மிச்சமாகும் என்று போட்ட கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. சர்வீஸ் செலவு மட்டும் உங்கள் தலையில் விழும்.

சிலிண்டரை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அதற்கு 2016-ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகள் பொருந்தும். உரிய அனுமதி முத்திரையும், காலாவதியாகாத அழுத்தச் சோதனைத் தேதியும் இல்லாத சிலிண்டரைப் பொறுப்பான எந்த சென்டரும் நிரப்பித் தராது. அப்படியே இருந்தாலும், பதினைந்து கிலோவை ஒட்டிய எடையைத் தூக்கிக்கொண்டு ஈசிஆரில் போவதில் என்ன லாபம்?

உங்கள் முதல் செலவு மாஸ்க். வாடகை மாஸ்க் ஒழுகினால் டைவ் முழுக்கத் தண்ணீர் வெளியேற்றுவதிலேயே போய்விடும். கடையில் பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளிழுத்து, கையை எடுங்கள். மூச்சை அடக்கும் வரை அது விழாமல் நிற்க வேண்டும். பிறகு வாயில் ஸ்நார்கெலையோ ரெகுலேட்டர் மவுத்பீஸையோ கவ்விக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். வாய் விரியும்போது கன்னத்தின் வடிவம் மாறும், நின்ற மாஸ்க்கும் விழும். பலர் இந்த இரண்டாவது சோதனையைச் செய்வதில்லை. மீசைக்காரர்களுக்கு மூக்கின் அடியில்தான் ஒழுகும். விளிம்பு உட்காரும் இடத்தில் ஒரு கோடு அளவுக்கு மீசையின் மேல்பகுதியை மழித்தால் போதும். மழிக்க மனமில்லையென்றால் உணவுத் தர சிலிகான் கிரீஸைத் தடவலாம்; வாசலின் வேண்டாம்.

மைனஸ் 3-க்கு தனியாக லென்ஸ் செய்யத் தேவையில்லை. இரட்டைக் கண்ணாடி மாடல்கள் பலவற்றுக்கு 0.5 இடைவெளியில் ரெடிமேட் பவர் லென்ஸ் கிடைக்கிறது. மாஸ்க்கோடு வரும் சாதாக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ளலாம். கண்ணில் சிலிண்டர் பவரும் (அஸ்டிக்மாடிசம்) கணிசமாக இருந்தால் மட்டும் ஆப்டிகல் கடையில் ஒட்டித் தரும் லென்ஸுக்குப் போங்கள். கண்ணாடி ‘டெம்பர்டு’ என்று பொறித்ததாகவும், விளிம்பு சிலிகானாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த மலிவு மாஸ்க்கும், முழு முகத்தை மூடும் ஸ்நார்கெல் மாஸ்க்கும் டைவிங்குக்கு ஆகாது.

புது மாஸ்க்கில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதை நீக்காவிட்டால் எச்சில் தடவினாலும் பனிமூட்டம்தான். ஜெல் அல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டை உள்பக்கம் விரலால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று முறை திரும்பச் செய்யுங்கள். உள்பக்கம் ஏற்கெனவே பூச்சுள்ள மாடலென்றால் தேய்க்கக் கூடாது, பெட்டிக் குறிப்பைப் பாருங்கள். லைட்டர் காட்டி எரிக்கும் வித்தையில் விளிம்பு பொசுங்கவும் வாய்ப்புண்டு.

அடுத்து டைவ் கம்ப்யூட்டர்: ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடலில் கரையும் நைட்ரஜனைக் கணக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவி. பணத்தில் பெரும் பங்கு இதற்குப் போகட்டும். வழிகாட்டியின் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். நீங்கள் அவரைவிட இரண்டு மீட்டர் கீழே பத்து நிமிடம் இருந்தால் உங்கள் நைட்ரஜன் கணக்கு வேறு. காலையில் ஒரு வாடகைக் கம்ப்யூட்டர், மதியம் இன்னொன்று என்று மாற்றினாலும் சிக்கல்தான். இரண்டாவதற்குக் காலை டைவ் பற்றி ஒன்றும் தெரியாது. கிரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக், சூண்டோ சூப் வரிசைகள் தொடக்க நிலைக்குத் தாராளம். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்று) வசதி இருக்கிறதா, பேட்டரியை நீங்களே மாற்ற முடியுமா என்று மட்டும் பாருங்கள். வண்ணத்திரைக்கும் சிலிண்டர் அழுத்தம் காட்டும் வசதிக்கும் இப்போது கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

மேலே ஏறும்போது ஊதிவிடும் மிதவைக் குழாய் ஒன்றும், அதற்கு நூல் சுற்றிய ஃபிங்கர் ஸ்பூலும் வாங்குங்கள். புதுச்சேரிக் கடலில் மீன்பிடிப் படகுகள் எந்நேரமும் ஓடும். நீங்கள் எங்கே தலை நீட்டப்போகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஒன்றேகால் மீட்டருக்குக் குறைந்த குழாய் அலையில் கண்ணுக்குப்படாது. அறுந்து கிடக்கும் வலைகளில் மாட்டும் அபாயமும் இருப்பதால், கத்தியைவிட நூலையும் வலையையும் அறுக்கும் உள்ளங்கை அளவு லைன் கட்டர் மேல்.

ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), வெட்சூட் (குளிர் தாங்கும் நியோப்ரீன் ரப்பர் உடை) எல்லாம் மெதுவாக. படகிலிருந்து குதிப்பவருக்கு முழுப்பாத ஃபின்னே மலிவும் போதுமானதும். 27 முதல் 30 டிகிரி நீருக்கு 3 மில்லிமீட்டர் சூட் சரி. பழைய சூட்டை வாங்கும்போது முழங்காலையும் தோளையும் விரலால் அழுத்துங்கள். அட்டை மாதிரி தட்டையாக இருந்தால் நியோப்ரீன் நசுங்கிவிட்டது, குளிர் தாங்காது.

இனி உங்கள் நண்பரின் ரெகுலேட்டர். பிற்பாடு வாங்கும் எண்ணம் இருந்தாலும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம், காசு செலவில்லை. சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் ஸ்டேஜின் மூடியைக் கழற்றி, காற்று நுழையும் வாயில் உள்ள சல்லடையைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது. செந்நிறத் தூள் என்றால் துருப்பிடித்த எஃகு சிலிண்டரில் ஓடியிருக்கிறது. மூடியை இறுக்கி மாட்டிவிட்டு, மவுத்பீஸில் வாய் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். சற்று வந்து நின்றுவிட வேண்டும். தொடர்ந்து காற்று கசிந்தால் வெளியேற்று வால்வோ டயஃப்ரமோ போய்விட்டது; அதே இடத்தில் கடலுக்குள் தண்ணீர் வரும். உபரி மவுத்பீஸான ஆக்டோபஸிலும் இதையே செய்யுங்கள்.

பிறகு நிரம்பிய சிலிண்டரில் மாட்டித் திறந்து, தொடாமல் பத்து நிமிடம் விடுங்கள். சற்று நேரம் கழித்து இரண்டாம் ஸ்டேஜ் (வாயில் கவ்வும் பகுதி) தானாகச் ‘சுஸ்’ என்று கசியத் தொடங்கினால், முதல் ஸ்டேஜின் உயரழுத்த இருக்கை தேய்ந்து இடை அழுத்தம் (இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவே ஹோஸில் இருக்கும் அழுத்தம்) ஏறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். வழக்கமாக அது 9 முதல் 10 பார் அளவில் அசையாமல் நிற்க வேண்டும். அளவுமானி இருப்பவர் பிசிடி ஹோஸில் பொருத்தி ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார். பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழுங்கள். வால்வு முழுக்கத் திறந்திருந்தும் மூச்சுக்கு மூச்சு முள் குதித்தால் சல்லடை அடைத்திருக்கிறது.

ஹோஸ்களின் முனையில் உள்ள ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிப் பார்க்காமல் விடாதீர்கள். வெடிப்பு அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். பின்னல் உறை போட்ட சில பழைய ஹோஸ்களின் உட்குழாய் வெப்ப நாடுகளில் சிதைந்து, உள்ளே படிகமாகக் கட்டிக் காற்றை அடைத்த நிகழ்வுகள் உண்டு. வெளியிலிருந்து தெரியாது என்பதால், அந்த வகை பழசாக இருந்தால் கேள்வியே இல்லாமல் மாற்ற வேண்டும்.

பிசிடியை வாயால் முழுக்க ஊதி இரவு முழுவதும் விட்டு, காலையில் இறுக்கம் குறைந்ததா என்று பாருங்கள். ஊதும் பொத்தானை இருபது முறை தட்டுங்கள். ஒரு தடவை ஒட்டிக்கொண்டு திரும்ப வரத் தாமதித்தாலும் வேண்டாம். நீருக்கடியில் அப்படி ஒட்டினால் உங்களைக் கட்டுப்பாடின்றி மேலே இழுத்துவிடும்.

எல்லாம் தேறினாலும் பேரத்தை முடிக்கும் முன் இரண்டு விவரம் வாங்குங்கள்: கடைசி சர்வீஸ் ரசீது, மாடலின் பெயர். அந்த மாடலுக்கு இன்றும் சர்வீஸ் கிட் (மாற்றுப் பாகங்களின் தொகுப்பு) வருகிறதா என்று நீங்கள் போகும் சென்டரின் டெக்னீஷியனிடம் கேளுங்கள். கிட் நின்றுபோன ரெகுலேட்டர் இலவசமாக வந்தாலும் பயனில்லை. கிட் உண்டென்றால், இரண்டு ஸ்டேஜும் ஆக்டோபஸும் சேர்த்து சர்வீஸ், ஹோஸ் மாற்றம் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கி, அந்தத் தொகையை 45,000-இல் கழித்துப் பேசுங்கள். அவரது கம்ப்யூட்டர் மட்டும் நல்ல நிலையில் இருந்து தனியாகத் தரச் சம்மதித்தால், பேட்டரி அறையைத் திறந்து உப்புக்கறை இல்லை என்று பார்த்துவிட்டுத் தயங்காமல் வாங்கலாம்.

இணையத்தில் கைபம்ப் வைத்து நிரப்பும் அரை லிட்டர் குட்டி சிலிண்டர்கள் கவர்ச்சியான விலையில் வரும். 200 பாருக்கு அடித்தால்கூட அதில் இருப்பது நூறு லிட்டர் காற்று. மேற்பரப்பிலேயே ஐந்தாறு நிமிடம், பத்து மீட்டரில் அதில் பாதிதான்.