தள்ளுவண்டிகளை அகற்றச் சொல்லும் மனு

அன்புள்ள ஐயா,

பேருந்து நிலையச் சாலையில் தள்ளுவண்டிக் கடைகளை அகற்றியது அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அதுபோன்ற ஒரு சாலையில் ஓட்டல் நடத்துகிறேன். மாதம் பிறந்தால் வாடகை, கரண்டு பில், எட்டுப் பேருக்குச் சம்பளம். லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறேன். சாயங்காலம் ஆனால் என் வாசலை ஒட்டி மூன்று வண்டிகள் வந்து நிற்கின்றன. நான் 60 ரூபாய்க்குக் கொடுக்கும் தோசை அங்கே 25 ரூபாய். போக்குவரத்து இடைஞ்சல், சுகாதாரக் கேடு என்று எங்கள் சங்கம் மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறது. சட்டப்படி நடக்கிறவன் சட்டத்தின் உதவியைக் கேட்பதில் என்ன தவறு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கஷ்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை கட்டியாக வேண்டும். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் தோசை விலையைச் சொல்கிறீர்கள், மாநகராட்சிக்குக் கொடுத்த மனுவில் அது இல்லை. அங்கே இருப்பது போக்குவரத்தும் சுகாதாரமும். என் ஆட்சேபம் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் சிகாகோ நகரம் இதை ஒளிவுமறைவில்லாமல் செய்தது. உணவகத்தின் வாசலிலிருந்து 200 அடிக்குள் உணவு வண்டி நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. மீறினால் 1,000 டாலருக்குக் குறையாத அபராதம். எங்கே நிற்கிறது என்று தெரிய வண்டியில் ஜிபிஎஸ் கருவியும் இருக்க வேண்டும். வண்டி வைத்திருந்த ஒரு பெண் வழக்குப் போட்டார். சொத்து வரி கட்டி நிலைத்து நிற்கும் உணவகங்களை ஊக்குவிக்க நகரத்துக்கு உரிமை உண்டு என்று சொல்லி, இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் 2019இல் அந்த விதி செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் யாருக்காக விதி போட்டோம் என்பதை அங்கே வாய்விட்டுச் சொன்னார்கள்.

நம் நாட்டுச் சட்டம் வேறு பக்கம் நிற்கிறது. டெல்லியில் ஜன்பத் அருகே துணி விற்ற சோதன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் தரும் தொழில் உரிமைக்குள் வரும், அரசு அதை நெறிப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. பிறகு வந்தது 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும், கெட்டுப்போகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

நடப்பது என்ன? மாநகராட்சி லாரி வருகிறது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே சிலிண்டரைக் கழற்றுகிறார்கள். மாவுக் குண்டானைத் தூக்கி லாரியில் போடுகிறார்கள், பாதி ரோட்டில் கொட்டுகிறது. பட்டியலாவது ரசீதாவது! வண்டி நடத்தும் அக்கா மறுநாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வண்டியை மீட்பதற்குள் மிச்ச மாவு புளித்துப் பொங்கியிருக்கும். அரிசி, உளுந்துக்குக் கந்துவட்டிக்கு வாங்கிய பணம் மட்டும் அப்படியே நிற்கும். ஒரு வாரத்தில் அதே இடத்துக்கு அவர் திரும்பி வருவார், மாமூல் கொஞ்சம் கூடியிருக்கும். உங்கள் மனுவால் லாபம் அடையப்போவது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

வரி விஷயம். ஓட்டல் தொழிலில் ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால், கடை வைத்திருப்பவரும் ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை. அதே சலுகைதான் வண்டிக்கும். வணிக சிலிண்டர் வாங்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டியை வண்டிக்காரரும் கொடுக்கிறார்.

சுகாதாரத்தில் எனக்கும் அக்கறை உண்டு. ஒரே வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்கத் தட்டு அலசுவதைப் பார்த்தால் எனக்கும் சாப்பிட மனம் வராது. ஆனால் நாளைக்கு இந்த இடத்தில் நிற்க விடுவார்களா என்று தெரியாதவர் எதை நம்பி நல்ல வண்டியும் தண்ணீர்த் தொட்டியும் வாங்குவார்? இடத்தை நிச்சயப்படுத்தி, குழாயும் குப்பைத் தொட்டியும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு உணவுப் பாதுகாப்பு அதிகாரி கண்டிப்பாக இருக்கட்டும். போக்குவரத்தும் அப்படியே. நம் ஊர்களில் பல ஓட்டல்களின் பரோட்டாக் கல் நடைபாதையில்தான் இருக்கிறது. சாப்பிட வருகிறவர்களின் பைக்குகள் ரோட்டில்தான் நிற்கின்றன. அளந்தால் எல்லோரையும் அளக்க வேண்டும்.

நான் சொன்ன தெரு வியாபாரிகள் சட்டத்தில் நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. தலைவர் மாநகராட்சி கமிஷனர். 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகள், அவர்களே தேர்ந்தெடுத்தவர்கள், இருக்க வேண்டும். போக்குவரத்து போலீசுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் ஊரில் அந்தக் குழு கூடுகிறதா, கணக்கெடுப்பு முடிந்ததா என்று உங்கள் சங்கம் கேட்கட்டும். வண்டிகள் எத்தனை, எந்த நேரம், உங்கள் வாசலிலிருந்து எத்தனை அடி தள்ளி என்பதை அந்த மூன்று வண்டிக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேசுங்கள். 25 ரூபாய்த் தோசையால் வியாபாரம் அடிபடுகிறது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். முதலில் இந்த மனுவைத் திரும்பப் பெறுங்கள்.