"பழைய ஜப்பானிய வேகக் கார்களின் விலை ஏன் இப்படி ஏறுகிறது? ஈரோட்டில் இருக்கும் நான் முதலீடாக ஒன்று வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோவை கணபதியில் ஃபவுண்டரி நடத்துபவன் என்பதால் எஞ்சினிலிருந்தே தொடங்குகிறேன். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினுக்கும், 1993இல் வந்த டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇஸட் எஞ்சினுக்கும் பிளாக் (சிலிண்டர்களைத் தாங்கும் எஞ்சினின் உடல்) வார்ப்பிரும்பு. 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் 2004 வரை தமக்குள் உடன்பட்டிருந்தன. ஆனால் அந்த அளவுக்கு ஏற்பப் பிளாக்கை மெலிதாக வார்க்கவில்லை. டர்போவையும் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) எரிபொருள் அமைப்பையும் மாற்றி 500 குதிரைத்திறனைத் தாண்டினாலும் தாங்குகிறது என்றால், அந்த வார்ப்பைச் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுவேன்.

விலையை ஏற்றியது இந்த வலிமை மட்டுமன்று. தம் நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படாத காரை, அதற்கு 25 வயது நிறைந்த பின்னரே அமெரிக்கர்கள் தடையின்றி இறக்குமதி செய்ய முடியும். ஸ்கைலைன் ஜிடி-ஆரின் தலைமுறைகளில் 1989இன் ஆர்32க்கு அந்த வழி 2014இல் திறந்தது. 1999இன் ஆர்34க்கு 2024இல். ஆர்34 ஜிடி-ஆர் மொத்தமே ஏறத்தாழ 12,000தான் செய்யப்பட்டது. 13 ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு ஜப்பானில் வரி கூடுவதாலும், தகுதிப் பரிசோதனைச் செலவாலும், மதிப்புத் தெரியாத காலத்திலேயே இத்தகைய பல கார்கள் கைமாறியும் உடைக்கப்பட்டும் போயின. (திரைப்படத்தில் ஓடிய சூப்ரா ஒன்று 2021இல் லாஸ் வேகாஸ் ஏலத்தில் 5,50,000 டாலருக்கு விற்றதைச் சந்தை விலையாகக் கொள்ளாதீர்கள், அது படத்துக்குக் கொடுத்த விலை.)

இந்தக் கார்களை நீங்கள் வாங்க வழியில்லை. மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய நம் விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே "பேப்பர் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரேனும் சொன்னால், தயவுசெய்து முன்பணம் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில் தேடக்கூடியவை இங்கேயே விற்பனையான ஹோண்டா சிட்டி விடெக், மிட்சுபிஷி சீடியா போன்றவை. என்னிடம் 2001ஆம் ஆண்டு விடெக் இருக்கிறது, 1.5 லிட்டரில் 106 குதிரைத்திறன். வாங்கும்போது எங்கள் மெக்கானிக், "பாடிய மட்டும் நல்லாப் பாத்து எடுங்க தம்பி, எஞ்சினை நான் பாத்துக்கறனுங்க" என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. எஞ்சின் வேலை இரண்டே நாளில் முடிந்தது. கதவு ரப்பர், முகப்பு விளக்கு, டேஷ்போர்டு துண்டுகளுக்காகத்தான் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் மாதக்கணக்கில் அலைந்தேன். ஜிடி-ஆருக்கும் சூப்ராவுக்கும் அந்தந்த நிறுவனங்களே சில பழைய உதிரிபாகங்களை மீண்டும் செய்து தருகின்றன. நம் விடெக்குக்கு அப்படி எதையும் நான் கண்டதில்லை.

இன்று என் வண்டியை வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். ஆனால் சஸ்பென்ஷன், டிங்கரிங், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பு என்று செலவழித்ததைக் கூட்டினால் கையில் நிற்பது சொற்பம். அந்தப் பணத்தை முதலீடாக மட்டும் பார்ப்பவராக இருந்தால் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். ஞாயிறு காலையில் பெருந்துறைச் சாலையில் ஓட்டுவதற்கென்றால், சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யையும் ஒப்பிட்டுவிட்டு, துருப்பிடிக்காத பாடியாகத் தேடுங்கள்.