பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துத் தாத்தா புல்வெளி

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் உள்ள உங்கள் தாத்தாவின் மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் பாதிப் புல்லைத் தொடுவதில்லை, உழுது புதுப்புல் விதைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து உழ வேண்டாம். அங்குள்ள பூச்செடிகள் பலவும் கிழங்காக மண்ணுக்குள் இருப்பவை. ஒருமுறை ஏர் பட்டால் பல பத்தாண்டுகளுக்கும் திரும்பாது.

முதலில் கணக்கெடுங்கள். அங்கே கோடையான ஜனவரியில், புல் கதிர் விட்டிருக்கும்போது, கம்போடு குறுக்கே நடந்து இரண்டு காலடிக்கு ஒருமுறை ஊன்றுங்கள். முனைக்கு அருகில் உள்ள புல் எது என்று குறியுங்கள். இருநூறு புள்ளி போதும். செம்புல் (அங்கே 'ரோயிகிராஸ்') மிகுந்தால் நிலம் நலம். கம்பிபோல் விறைத்த ங்கொங்கோனி என்ற புல் மிகுந்தால், மாடுகள் நல்லதையே தேடித் தின்று வந்திருக்கின்றன. மாடுகள் ஒதுக்குவதும் அதைத்தான். சரி, ஒரு பருவம் முழுக்க ஓய்வு கொடுங்கள். அப்புறம் குளிர்கால முடிவில் காய்ந்த புல்லை எரியுங்கள்; தீத்தடுப்புப் பட்டை (தீ தாண்டாதபடி சுற்றிலும் புல் நீக்கிய இடம்) வெட்டாமல், அக்கம்பக்கம் சொல்லாமல் தீக்குச்சியைத் தொடாதீர்கள். வாட்டில் (ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து பரவும் அக்கேசியா மரம்) கன்று தென்பட்டால் அன்றே பிடுங்குங்கள்.