டிசம்பர் 31 இரவு வாசலில் போடும் பெரிய கோலம் ஒவ்வொரு வருடமும் பாதியில் சொதப்புகிறதே, எங்கே தப்பு?

நீங்கள் சொல்லும் குறைகள் மூன்று. 12 மணிக்குள் முடியவில்லை, கலர் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது, விடிந்து பார்த்தால் எல்லாம் நசநசவென்று ஊறிக் கிடக்கிறது. மூன்றுக்கும் உங்கள் விரல் காரணமில்லை. கணக்கும் ஈரமும்தான் காரணம். வீட்டு வேலையெல்லாம் முடித்து ஒன்பதரைக்கு மேல் உட்காருகிறீர்கள், தெருவில் சிமென்ட் தரையோ தார் ரோடோ இருக்கிறது, கலரில் உப்பு கலக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் பொருந்தாத இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. "ஜனவரி 1 நம்ம புத்தாண்டா, அதற்கு எதற்குக் கோலம்" என்று கருத்துப் பெட்டியில் வரப்போகிறவர்களுக்கு: தை 1 என்று 2008-ல் சட்டம் வந்தது, 2011-ல் அதை எடுத்துவிட்டுச் சித்திரைக்கே திரும்பினார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கு இங்கே வேண்டாம். டிசம்பர் 31 என்பது மார்கழி 15 அல்லது 16. அன்றைக்கு வாசலில் எப்படியும் கோலம் உண்டு. அதோடு கூட நாலு எழுத்து எழுதுகிறோம், அவ்வளவுதான்.

முதலில் கலர் ஏன் தீர்ந்துபோகிறது என்று பார்க்கலாம். பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை என்று ஒரு கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் நிற்கும், ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே வரும். மொத்தம் 169 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால் கோலத்தின் அகலம் மூன்றரை அடி, பரப்பு சுமார் 8 சதுர அடி. தினமும் போடுகிற அளவு இதுதான். புத்தாண்டாயிற்றே, பெரிதாக இருக்கட்டும் என்று இடைவெளியை 6 அங்குலம் ஆக்குகிறீர்கள். அகலம் இரண்டு மடங்குதான் ஆகிறது, ஆனால் பரப்பு நாலு மடங்கு, 32 சதுர அடி. கலரை மட்டும் போன தடவையைவிட இரண்டு மடங்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள். பாதியில் தீராமல் என்ன செய்யும்?

ஒரு சதுர அடியைச் சீராக நிரப்ப 100 முதல் 150 கிராம் பொடி பிடிக்கும். தார் ரோட்டில் ஜல்லிக்கு நடுவே இருக்கிற பள்ளமெல்லாம் தின்றதுபோக அதில் இன்னும் பாதி கூட வேண்டும். கோலத்தில் பாதி இடத்துக்குத்தான் கலர் என்று வைத்தாலும், 32 சதுர அடிக் கோலத்துக்குக் கலந்த பொடி 2 கிலோ, தார் என்றால் 3 கிலோ. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு இடைவெளியை 4 அங்குலத்துக்குக் குறைப்பதே நல்லது என்று உங்களுக்கே தோன்றும். வளைவும் அப்போதுதான் அழகாக வரும். 6 அங்குல இடைவெளியில் ஒரு கையெட்டில் வளைவை முடிக்க முடியாது. நடுவில் கை நிற்கும், நின்ற இடத்தில் கோடு தடிக்கும்.

வெள்ளைக்கும் கணக்கு உண்டு. கலர் நிரப்பும்போது கோட்டின் ஓரமெல்லாம் அழுங்கிவிடும், முடித்ததும் மேல் கோடு மறுபடி இழுத்தாக வேண்டும். அதற்காக மொத்த வெள்ளை மாவில் மூன்றில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே தனி டப்பாவில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். பல பேருடைய கோலம் மங்கலாகத் தெரிய இதுதான் காரணம். கலர் மேல் பழி போடுகிறார்கள், பாவம்.

கலந்துகொள்ளும் முறை: கலர்ப்பொடி ஒரு பங்கு, கோலமாவு மூன்று பங்கு. நீலம், பச்சை போன்ற அழுத்தமான கலருக்கு நாலு பங்கு வரை தாங்கும், மஞ்சளுக்கு இரண்டுக்கு மேல் போகாதீர்கள், வெளுத்துவிடும். நிறம் வெளுக்காமல் அழுத்தமாகவே வேண்டுமென்றால் கோலமாவுக்குப் பதில் நன்றாகச் சலித்து ஒரு நாள் வெயிலில் காய்ந்த மணல். தாம்பாளத்தில் கொட்டி உள்ளங்கையால் தேய்த்துக் கலந்து, இரண்டு தடவை சலியுங்கள். இதை 30-ம் தேதி பகலிலேயே முடித்துவிட வேண்டும். இரவில் தெரு விளக்கு வெளிச்சத்தில் கலர் பார்த்து எடுத்தால் மோசம்போவீர்கள். பழைய மஞ்சள் விளக்கின் கீழே மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும், நீலம் கறுப்பாகிவிடும். டப்பா மேல் பெயர் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஹோலிப் பொடி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள், அது மாவுப் பொருள், காற்றில் பறக்கும்.

அடுத்தது உப்பு. உப்பு கலந்தால் செலவு குறைவு, கோலமும் மினுமினுப்பாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதிலும் கல் உப்பை இடித்துப் போட்டால் இன்னும் அதிகம். பகலில் போட்டுச் சாயங்காலம் கூட்டிவிடுகிற கோலத்துக்கு அது பரவாயில்லை. மார்கழிப் பனியில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் உப்பு வியர்த்து, சிவப்பு மஞ்சளில் இறங்கி, விடியும்போது நீங்கள் சொன்ன அந்த நசநசப்புதான் மிஞ்சும். "நாங்கள் இருபது வருஷமாக உப்பில்தான் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்வார்கள். மாடிக்குக் கீழே, பனி இறங்காத வாசலாக இருக்கும். அரிசி மாவு கலப்பதும் இப்படித்தான். எறும்புக்குப் போடுவது நல்ல வழக்கம், நான் குறை சொல்லவில்லை, ஆனால் ராத்திரிக் கோலத்தில் நாலு பங்கு கல் மாவுக்கு ஒரு பங்குக்கு மேல் போனால் கட்டி பிடிக்கும்.

தரையில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சொட்டச் சொட்ட ஈரமான தரையில் போட்ட வெள்ளை ஊறிச் சாம்பலாகத் தெரியும், கோடு விழவில்லையோ என்று நினைத்து மேலும் மேலும் போடுவீர்கள், காய்ந்த பிறகு பார்த்தால் விரல் தண்டிக் கோடு. எலும்பாகக் காய்ந்த தரையில் மாவு ஒட்டாது. கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், எடுத்துப் பார்த்தால் விரலில் ஈரம் இருக்கக் கூடாது. அந்தப் பதம். கோடைக்காலத்தில் தெளித்த கால் மணியில் இது வந்துவிடும், மார்கழி இரவில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆகவே ஏழு மணிக்கே கூட்டித் தெளித்துவிட்டுச் சமையலைப் பாருங்கள். எட்டரைக்கு வாசல் தயாராக இருக்கும். சாணி தெளிப்பவர்கள் கரைசலைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், நார் கிடந்தால் கோடு அதில் ஏறி இறங்கும். சுற்றிக் காவி பூசுவதாக இருந்தால் அதையும் இந்த நேரத்திலேயே, கோலத்தின் எல்லையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பூசிவிடுங்கள். கடைசியில் பூசினால் வெள்ளைக்குள் ஒழுகும்.

புள்ளியை ஓரத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கொத்தனார் நூல் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சணல் கயிற்றை மாவில் புரட்டி, இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கிச் சுண்டினால் நேர்கோடு விழும். அப்படி நடுவில் குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று. 15 புள்ளி வரிசையில் எட்டாவது புள்ளி நெடுங்கோட்டின் மேல் உட்கார வேண்டும். அடுத்த 14 புள்ளி வரிசையில் கோடு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே போக வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் இதைச் சரிபார்த்தால் போதும். கோடு இல்லாமல் போட்டால் வரிசைக்குக் கால் அங்குலம் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும், ஏழாவது வரிசையில் அது ஒன்றே முக்கால் அங்குலம் ஆகிவிடும். பிறகு புள்ளியைச் சுற்றி வளைகிற சிக்குக் கோடு எங்கே சேரும்?

கோலத்துக்கு முன்னால் எழுத்தை முடித்துவிடுங்கள் என்பது என் கட்சி. நேரம் போதாவிட்டால் கலரைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் 12 மணிக்கு வருஷம் பாதியில் நிற்பது நன்றாகவா இருக்கும்? எழுத்தில் நடக்கிற தப்பு எல்லாத் தெருவிலும் ஒன்றே: ஆரம்பம் தாராளம், கடைசி எழுத்து சாக்கடை மூடி மேல். ஆங்கிலத்தில் ஹேப்பி நியூ இயர் என்று எழுதினால் 12 எழுத்து, இரண்டு இடைவெளி, ஆக 14 பெட்டி. 7 அடி இடமிருந்தால் பெட்டிக்கு 6 அங்குலம். நடுப்புள்ளி இரண்டாவது சொல்லின் முதல் எழுத்துக்கும் இரண்டாவது எழுத்துக்கும் நடுவே வரும். சாக்பீஸால் பெட்டி கட்டிக்கொண்டு எழுதுங்கள். தமிழில் எழுதினால் இரண்டு வரியாக்குவது நல்லது. 'புத்தாண்டு' மேலே, 'வாழ்த்துகள்' கீழே. தா, வா இரண்டுக்கும் இரண்டிரண்டு பெட்டி, ண், து, ள் மூன்றுக்கும் ஒன்றரை, மற்றதற்கு ஒன்று. கூட்டினால் மேல் வரி ஆறரை, கீழ் வரி எட்டு. 'வாழ்த்துக்கள்' என்று நடுவே க் போடாமல் விட்டால் ஒரு பெட்டி மிச்சம், இலக்கணக்காரர்களும் சும்மா போவார்கள். எழுத்தின் அடிப்பக்கம் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும், வருகிறவர்கள்தானே படிக்கப்போகிறார்கள். அதற்கு நீங்கள் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டியிருக்கும் என்பதால், வண்டி பார்த்துக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

வருஷ எண்ணுக்குத் தினக்காலண்டர் அட்டையைவிட நல்ல அச்சு கிடையாது. சரியாக அன்றைக்குத்தான் அதில் கடைசித் தாள் மட்டும் மிச்சம் இருக்கும். பிளேடால் 8 அங்குல உயரத்தில், கோட்டின் அகலம் ஓர் அங்குலம் வைத்து வெட்டுங்கள். சைபரின் நடுத்துண்டு கழன்று விழாமல் இருக்க மேலும் கீழும் அரை அங்குலம் பாலம் விட வேண்டும், அச்சை எடுத்த பிறகு அந்த இடத்தைக் கையால் சேர்த்துவிடலாம். 2-ம் 0-வும் எடுத்து வைத்தால் வருஷா வருஷம் கடைசி எண் மட்டும் வெட்டினால் போதும், 2029 முடிகிறவரை கவலையில்லை.

நிரப்பும்போது நடுவிலிருந்து வெளியே வாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் புடவையே கோலத்தைக் கலைக்கும். பெரிய பரப்புக்கு டீ வடிகட்டியில் பொடி எடுத்து, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் தட்டுங்கள். கலர் சிந்திவிட்டால் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, கறை பரவும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் ஒதுக்கி எடுங்கள். கல் மாவுத் தூள் நெஞ்சுக்கு ஆகாது, வாயால் ஊதாதீர்கள், சலிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு ஆராதனை முடிந்து வருகிற வண்டிகள், 12 மணிக்குக் கத்திக்கொண்டு போகிற பையன்கள் என்று அன்றைக்குத் தெருவில் போக்குவரத்து இருக்கும். நடுத்தெருவில் போட்டுவிட்டு ஏற்றிவிட்டான் என்று திட்டுவதில் நியாயமில்லை. ஓரமாகப் போட்டு, ஆம்புலன்ஸ் போக 10 அடியாவது விடுங்கள். காவலுக்குச் செங்கல் வைக்காதீர்கள், இருட்டில் யாராவது மோதி விழுந்தால் வருஷப் பிறப்பும் அதுவுமாக வம்பு. பிளாஸ்டிக் ஸ்டூலில் வெள்ளைத் துணி போட்டு நிறுத்தினால் தூரத்திலிருந்தே தெரியும்.

மழைக்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் மழை எங்கே வரப்போகிறது என்று இருக்க முடியாது, 2021-ல் டிசம்பர் 30 அன்று சென்னையில் கொட்டித் தீர்த்ததே. ஓர் ஆழாக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மைய அரைத்து, பால் பதத்தில் கரைத்தால் கூரைக்குக் கீழே இழைக்கோலம் போடப் போதும். மழை வராவிட்டால் மறுநாள் பூஜையறைக்கு ஆயிற்று.

பூசணிப்பூவை ராத்திரியே வைத்துவிடாதீர்கள், மொட்டாகத்தான் இருக்கும். விடியற்காலையில் மலர்ந்ததும் பறித்துச் சாணி உருண்டையில் செருகுங்கள். காலையில் பெரிய கோலத்தை அழித்துப் புதுசு போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை, நிலைப்படிக்கு முன்னால் மட்டும் தெளித்துச் சின்னதாக ஒன்று போட்டால் போதும். பிறகு எடுக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். முதலில் காய்ந்த விளக்குமாறால் கூட்டி முறத்தில் அள்ளிவிட வேண்டும், கழுவுவதெல்லாம் அப்புறம். ஈரம் பட்டால் சாயம் சிமென்ட்டுக்குள் இறங்கிவிடும், அதிலும் ராணிக் கலர் லேசில் போகாது. போகாவிட்டால் தேய்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம், இரண்டு வாரத்தில் பொங்கல், பானைக் கோலத்தை அதன் மேலேயே போட்டுவிடலாம்.