வரைந்தாயிற்று, இனி அதைப் பற்றி என்ன எழுத?

நாகர்கோவிலில் இருபது வருடமாகப் புத்தக அட்டைகளும் குழந்தைகளுக்கான படங்களும் வரைகிறேன். மார்ச், ஏப்ரல் வந்தால் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), டிசைன் படிக்கிற பிள்ளைகளின் கடைசி வருட புராஜெக்டைப் பார்க்கவும் கூப்பிடுவார்கள். வரைவதற்குப் பிள்ளைகள் பயப்படுவதில்லை. வரைந்து முடித்தபின் 'உன் வேலையைத் திரும்பிப் பார்த்து நாலு பக்கம் எழுது' என்று கேட்கிறார்களே, அங்கேதான் கை நின்றுவிடுகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

தக்கலை மாணவி: தோவாளைப் பூச்சந்தை பற்றி 24 பக்கப் படப்புத்தகம் செய்தேன் அக்கா. 'சந்தைக்குப் போனேன், போட்டோ எடுத்தேன், ஸ்கெட்ச் போட்டேன், கலர் கொடுத்தேன்' என்று எழுதிக் கொடுத்ததை, 'இது டைரி' என்று சார் திருப்பித் தந்துவிட்டார். வேறு எப்படி எழுத?

சார் சொன்னது சரிதான் மக்களே. என்ன செய்தாய் என்று இருக்கிறது, ஏன் செய்தாய் என்று இல்லை. நீ அனுப்பியதில் ஒன்பதாம் பக்கத்தை எடு. பிச்சிப்பூக் குவியல். பிச்சி வெள்ளை, தாளும் வெள்ளை. முதல் ஸ்கெட்சில் ஒவ்வொரு பூவையும் கறுப்புக் கோட்டால் சுற்றியிருக்கிறாய், பார்த்தால் பொரி கொட்டி வைத்தது போல இருக்கிறது. இரண்டாவதில் சாம்பல் நிழல் கொடுத்தாய், பூ வாடிப்போனது. மூன்றாவதில் பின்னணி முழுக்க அடர்நீலம் பூசி, பூ இருக்கிற இடத்தை மட்டும் வெறும் தாளாக விட்டுவிட்டாய். மொட்டின் வெளிப்புறத்தில் இருக்கிற லேசான செந்நிறம் மட்டும் ஒரு தொடுதல். குவியல் அப்போதுதான் பூவானது. விடியும் முன்பே சுறுசுறுப்பாகிற சந்தை என்பதால் அந்த இருட்டும் பொருந்திவிட்டது.

இந்த ஒரு பக்கத்தை வைத்தே ஒன்றரைப் பக்கம் எழுதலாம். என்ன சிக்கல் வந்தது, எதை முயன்றாய், அது ஏன் சரிவரவில்லை, கடைசியில் எதை வைத்து முடிவெடுத்தாய். மற்ற 23 பக்கத்தையும் இப்படி எழுத வேண்டாம். மூன்று பக்கம் எடுத்துக்கொண்டால் போதும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் நிற்கிறது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, குறளின் 133 அதிகாரங்களுக்காக. பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே சிலை 95 அடி, அது பொருளும் இன்பமும் சேர்ந்த 95. சிலையை வடித்த கணபதி ஸ்தபதி அந்த அளவுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார். உன் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் உன்னிடம் ஒரு காரணம் இருக்கும், அதைத்தான் கேட்கிறார்கள்.

நாகர்கோவில் மாணவர்: 22 பக்கம் வரைந்தேன். நடு மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடிக்க 24 ஆக்கு என்கிறார் பிரஸ்காரர். இதையெல்லாமா எழுத வேண்டும்?

எழுது, இரண்டு வரி போதும். ஒரு தாளை மடித்தால் நாலு பக்கம், அதனால் நடுவில் பின் அடிக்கிற புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும். கூடுதலாக வந்த இரண்டு பக்கத்தை என்ன செய்தாய் என்பதுதான் முக்கியம். அவசரத்தில் 'நன்றி' போட்டு நிரப்பியிருந்தால் அதையும் அப்படியே சொல்.

குளச்சல் மாணவர்: கட்டுமரம் பற்றி ஆறு போஸ்டர். வைவாவுக்கு (நேர்முகத் தேர்வுக்கு) நாலு நாள் இருக்கும்போது தாத்தாவிடம் காட்டினேன். 'ஆணி எதுக்குலே அடிச்சிருக்க?' என்று கேட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திவிட்டேன். இந்தத் தப்பை வெளியே சொன்னால் மார்க் குறையாதா?

தம்பி, உன் புராஜெக்டிலேயே பெரிய விஷயம் இதுதான். இதை மறைத்தால் மிச்சம் இருப்பது ஆறு அழகான படம் மட்டும்தான்.

கட்டுமரம் என்ற பேரிலேயே விடை இருக்கிறது, கட்டிய மரம். லேசான மரத்தடிகளைக் கயிற்றால் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியே காயப்போடுவார்கள், தண்ணீர் குடித்த மரம் கனக்கும் என்பதால். ஆணி அடித்தால் அவிழ்க்க முடியுமா? கடலோரத்தில் பிறந்த உனக்கு இது தெரியாமல் இல்லை. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பலகைப் படகின் போட்டோவைப் பார்த்து வரைந்ததால் வந்த ஆணி அது. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுத் திரையில் பார்த்ததை நம்பியது எப்படி நடந்தது என்று நீயே யோசித்து எழுது.

இன்னொன்றையும் நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். ஆணி என்பது புள்ளி, வைத்த இடத்திலேயே நின்றுவிடும். கயிறு கோடு. தடிகளுக்குக் குறுக்கே ஏறி இறங்கிக் கண்ணையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. திருத்திய பிறகு நாலாவது போஸ்டரில் தலைப்பெழுத்தையும் கயிறு சுற்றியது போல மாற்றியிருக்கிறாய். அது தற்செயலா, தெரிந்து செய்ததா? எதுவாக இருந்தாலும் உண்மையைச் சொல். தாத்தா திருத்தியது தகவலை, ஆனால் மாறியது வடிவமைப்பு. அவரை நன்றியுரையில் ஒரு வரியில் முடித்துவிடாதே. அவர் கேட்ட அந்தக் கேள்வியை அவர் சொன்ன மாதிரியே போட்டு, அங்கிருந்து எழுத ஆரம்பி.

மார்க் விஷயம்: நான் பார்க்கிற புராஜெக்டில் இப்படி ஒரு பக்கம் இருந்தால் கூடத்தான் போடுவேன்.

மார்த்தாண்டம் மாணவி: அட்டையில் தமிழ் எழுத்து உடைந்து அச்சாகிவிட்டது மேடம். பிரஸ்ஸில் நடந்த தப்பு. என் குறிப்பில் அப்படி எழுதலாமா?

உன் வருத்தம் புரிகிறது. பதினைந்து வருடம் முன்பு ஒரு திருவிழா அழைப்பிதழ் எனக்கும் அப்படி ஆனது. 'கோவில்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது, 500 அட்டையிலும். அச்சகத்தின் மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் நிதானமாகப் பார்த்தால், எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றாமல் ஃபைலைக் கொடுத்தது நான். அச்சுக்கு முன் காட்டுகிற மாதிரிப் பிரதியான புரூஃபைப் பார்க்காமல் போனிலேயே 'ஓகே' சொன்னதும் நான்.

தமிழ் யூனிகோடில் கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்கார, மென்பொருளுக்கு அந்த விதி தெரிந்திருக்க வேண்டும். அடோபி மென்பொருள்களில் அந்த விதிப்படி எழுத்தைக் கோக்கிற வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்து கலைந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துரு என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். அதனால் அச்சுக்குப் போகும் ஃபைலில் எழுத்தெல்லாம் அவுட்லைன். திருத்துவதற்கு வேறு ஒரு பிரதி.

கூடவே வரி இடைவெளியையும் பார். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியே தமிழுக்கும் இருக்கிறது. மேல் வரியில் 'பு'வின் காலும் கீழ் வரியில் 'கீ'யின் சுழியும் முட்டிக்கொள்கின்றன. நான் எழுத்தளவு 10 பாயின்ட் என்றால் வரிக்கு வரி 15 பாயின்ட் வைப்பேன். யார் தப்பு என்று எழுதுவதைவிட, ஃபைல் எந்த இடத்தில் கலைந்தது, அடுத்த தடவை எந்தக் கட்டத்தில் நிறுத்திப் பார்ப்பாய் என்று எழுது.

விளவங்கோடு மாணவர்: 1956 நவம்பர் 1 அன்று நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததைப் பற்றிய போஸ்டர். தலைப்பில் யானைத் துதிக்கை மாதிரிக் கொக்கி வைத்த பழைய 'லை', 'னை' போட்டேன். வகுப்பில் எழுத்துப்பிழை என்றார்கள்.

பிழை இல்லை. இப்போதைய வடிவம் 1978-ல் அரசாணையால் வந்தது. 1956-ல் சுவரொட்டி எழுதியவர் துதிக்கைதான் போட்டிருப்பார். ஆனால் அதே போஸ்டரில் கீழே சின்ன எழுத்தில் புதிய 'லை' இருக்கிறதே தம்பி, அதைக் கவனிக்கவில்லையா? தலைப்பு அந்தக் காலத்தின் குரல், கீழே உள்ளது இன்றைய விளக்கம் என்று நினைத்துச் செய்திருந்தால் அதைச் சொல். யோசிக்காமல் விட்டது என்றால் அதையும் சொல்.

குழித்துறை மாணவி: நான் முழுக்க டேப்லெட்டில் வரைகிறவள். படத்தின் பழைய லேயரையெல்லாம் (அடுக்குகளையெல்லாம்) அழித்துவிட்டேன். ஸ்கெட்ச் கேட்கிறார்கள், இப்போது உட்கார்ந்து பென்சிலில் நாலு ஸ்கெட்ச் போட்டு வைக்கலாமா?

வேண்டாம் மக்களே, தயவுசெய்து வேண்டாம். முடிவு தெரிந்தபின் போட்ட ஸ்கெட்சில் தயக்கம் இருக்காது, கோடு பார்த்ததுமே தெரிந்துவிடும். தோழிக்கு வாட்ஸ்அப்பில் 'இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா' என்று அனுப்பியிருப்பாயே, அந்தப் படங்களும் அவள் சொன்ன பதிலும் இருக்கிறதா பார். பல வரைகலைச் செயலிகளில் வரைந்த விதம் காணொளியாகவே பதிவாகியிருக்கும், அதையும் தேடு. எதுவுமே கிடைக்கவில்லை என்றால் 'அழித்துவிட்டேன்' என்று எழுதி, நினைவில் இருப்பதைச் சொல்.

கருங்கல் மாணவர்: திரையில் பளிச்சென்று இருந்த கடல், தாளில் மங்கிவிட்டது.

திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் காட்டுகிறது. அச்சு நாலு மையால் காட்டுகிறது. அந்தப் பளீர் நீலப்பச்சை மையில் கிடைக்காது. தொடக்கத்திலிருந்தே அந்த நாலு மை முறையில், சிஎம்ஒய்கே-யில், பார்த்துக்கொண்டு வரை. மங்கிய கடலும் பொய் இல்லை, ஆடி மாதம் குளச்சல் கரையில் போய் நின்று பார்.

இரணியல் மாணவி: பின்னணி மட்டும் செயற்கை நுண்ணறிவில் எடுத்தேன். சொல்லித்தான் ஆக வேண்டுமா?

சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தப் பகுதி, என்ன கேட்டாய், வந்ததில் எதை மாற்றினாய் என்று மூன்றையும் எழுது. உன் படத்தில் பனை நிற்க வேண்டிய இடத்தில் ஈச்சமரம் போல ஒன்று நிற்கிறது. பனைமட்டை விசிறி மாதிரி விரியும், இறகு மாதிரி நீளாது. அதை முதலில் திருத்து.

ராஜாக்கமங்கலம் மாணவி: மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கடற்கரைப் படப்புத்தகம். முட்டம் கலங்கரை விளக்கத்தை இரண்டு பக்கம் விரித்துப் பதினொரு நாள் வரைந்தேன். அங்கன்வாடியில் கொடுத்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இன்னொரு பக்கத்தின் மூலையில் சும்மா போட்ட ஒரு நண்டைத்தான் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். தோற்றுப்போன மாதிரி இருக்கிறது அக்கா. இதை எப்படி எழுத?

பதினொரு நாள் உழைப்பு அப்படிப் போனால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் நீ புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறாய், இந்த வருடம் நான் பார்த்ததில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை.

கலங்கரை விளக்கம் இருக்கிற பக்கத்தில் கோணம் எங்கிருந்து? தூரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற பெரியவரின் கண். மூன்று வயதுக் குழந்தை கடற்கரையில் எதைப் பார்க்கும்? காலுக்குக் கீழே ஓடுகிறதைத்தான். அங்கன்வாடிக்கு இன்னொரு தடவை போ. எந்தப் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள், எதை விரலால் தொட்டார்கள், நண்டைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொள். அப்புறம் ஸ்கேலை எடுத்து அந்த நண்டு எத்தனை சென்டிமீட்டர், பக்கத்தின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுது. எழுதியதை அனுப்பு, பார்க்கிறேன்.