அப்பாவின் கேள்விக்கு என்ன பெயர் சொல்வது?

கேள்வி: 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டபோது நம் நாளிதழ்கள் 'நிறவெறி' என்று பெரிய எழுத்தில் எழுதின. என் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இன்றும் வைத்திருக்கிறார். "எங்களுக்கு நடந்ததற்கு என்னம்மா பேரு?" என்று கேட்கிறார். என்ன சொல்வது?
- வாசகி, மண்டபம்

பதில்: இனப்பாகுபாடு என்றே சொல்லுங்கள், சகோதரி. இனம், நிறம் மட்டுமல்லாமல் வம்சாவளியை வைத்து உரிமையைப் பறிப்பதும் இனப்பாகுபாடே என்று 1965ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை வரையறுக்கிறது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்த மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டு, பிறப்புப் பதிவே இல்லாத இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு அரசுகளும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன.

இதை யாரும் 'வெறி' என்று எழுதவில்லை. அந்தச் சொல்லிலேயே கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. வெறி என்றதும் நிதானம் இழந்த ஒரு மனிதனின் ஆவேசம்தான் கண்முன் வருகிறதே தவிர, நிதானமாக உட்கார்ந்து எழுதப்பட்ட சட்டமோ, 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, வீட்டுக்கடன் கிடைக்காமல் செய்த அமெரிக்க வரைபடமோ வருவதில்லை. ஃபிளாய்டின் கழுத்தை அழுத்திய முழங்கால் செய்தியானது. அந்த வரைபடம் நம் பக்கங்களுக்கு அநேகமாக வரவே இல்லை.

அரசு தரும் சொல்லை அப்படியே அச்சிடும் பழக்கமும் எங்கள் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறது. ஃபிளாய்ட் உடல்நலக் குறைவால் இறந்ததாகவே காவல்துறையின் முதல் அறிக்கை கூறியது. பதினேழு வயதுப் பெண் ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளிதான் அதைப் பொய்யாக்கியது. உங்கள் அப்பாவையும் 'தாயகம் திரும்பியோர்' என்ற அரசுச் சொல்லால்தான் பத்திரிகைகள் குறித்தன. பிறந்த மண்ணிலிருந்து அனுப்பப்பட்டு, அதுவரை கண்ணாலும் காணாத கரையில் இறங்கியவர் எங்கே திரும்பினார்? அவரைப் போன்றோர் வந்திறங்கியபோதே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

அவர் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தார், கப்பலில் எதையெல்லாம் எடுத்து வந்தார், எதை விட்டு வந்தார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறோம். அதன் தலைப்பில் 'திரும்பியவர்' என்ற சொல் இருக்காது.