அடித்தவன் தடவ வேண்டும்

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலில் வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 38, எடை 94 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். உடற்பயிற்சிக்கூடம் சலித்துவிட்டது. தற்காப்புக் கலை கற்றால் உடம்பும் குறையும், ஆர்வமும் இருக்கும் என்று தோன்றுகிறது. எங்கள் தெருவில் கிக் பாக்ஸிங் வகுப்பு நடக்கிறது. மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைக்கலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். தக்கலைப் பக்கம் ஒருவர் நம் ஊர்ப் பழைய தற்காப்புக் கலையான அடிமுறை கற்றுத்தருகிறார். எதில் சேர்ந்தால் எடை வேகமாகக் குறையும்? இந்த வயதில் தொடங்கலாமா? உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடங்கள் உண்டு, அதுதான் வர்மம் என்கிறார்கள்; அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையா? பயிற்சி தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்.

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் கடைசி வரி. மாத்திரையை நிறுத்த நீங்கள் யார்? கடன் வாங்கியவர் உங்களிடம் கேட்காமல் தானே தன் கடனைத் தள்ளுபடி செய்துகொண்டால் உங்கள் வங்கி விடுமா? எழுதிக் கொடுத்தவரிடம் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

38 எல்லாம் ஒரு வயதே இல்லை, தம்பி. வர்மம் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

பத்து கிலோ பலகைக்கு வருகிறேன். வங்கிக்காரரான நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதது எனக்கு வருத்தம். உங்கள் எடையில் ஒருவர் தொடக்கநிலைப் பயிற்சி செய்தால் மணிக்கு ஏறத்தாழ 500 கலோரி செலவாகும். வாரம் 3 வகுப்பு என்றால் 1500. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7700 கலோரி. ஆக, ஐந்து வாரத்துக்கு ஒரு கிலோ. மூன்று மாதத்தில் இரண்டரை. அதுவும் வகுப்பு முடிந்து வரும் வழியில் பரோட்டாக் கடையில் உட்காராமல் இருந்தால். எடை குறைவது தட்டில்தான். மரச்சீனிக் கிழங்கையும் சோற்றையும் அளந்து போடச் சொல்லுங்கள், மீன்கறியை விட வேண்டாம்.

அப்படியானால் பயிற்சி எதற்கு என்பீர்கள். உழைக்கும் தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடைக்கருவி அசையாத வாரத்திலும் அந்த வேலை நடக்கும். உங்களைப் போல எல்லைக்கோட்டில் நின்ற இந்தியர்களை வைத்து நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு ஒன்றின் முடிவு 2006-ல் வெளிவந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆகவே கிலோவை விட்டுத்தள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலை சாரல் அடித்துக்கொண்டிருந்தது. என் இடது கணுக்கால் வலித்தது. அந்தக் கணுக்காலில் இருந்த பழைய அடியைக் கண்டுபிடித்துச் சொன்ன என் அடிமுறை ஆசானை நினைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தேன்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் அவர் வீடு. விடியுமுன் பால்வெட்டுக்குப் போவார், மாலையில் களரியில், அதாவது பயிற்சிக் களத்தில், சொல்லிக்கொடுப்பார். 17 வயதில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே குத்தும் உதையும் கிடைக்கும் என்று போனவனை முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கச் சொன்னார். பிறகு என் ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இடது செருப்பின் வெளியோரம் மட்டும் தேய்ந்திருந்தது. "எப்போது விழுந்தாய்?" என்று கேட்டார். பன்னிரண்டு வயதில் கொல்லாமரத்திலிருந்து விழுந்ததை நானே மறந்திருந்தேன். இருபது நாள் அந்தக் கணுக்காலுக்கு எண்ணெய் போட்டுத் தடவினார். அதற்குப் பிறகுதான் ஒற்றைச்சுவடு என்ற முதல் அடவுப் பயிற்சி.

இரண்டாம் வருடம் கூடப் பயின்ற நண்பனை வேகத்தில் விலாவில் அடித்துவிட்டேன். சுருண்டு விழுந்தான். ஆசான் அவனை நிமிர்த்தி, மூச்சு சீராகும்வரை கூடவே இருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "அடித்தவன்தான் தடவ வேண்டும்" என்றார். ஒன்பது நாள் தினமும் காலையில் அவன் வீட்டுக்குப் போய்த் தடவினேன். எந்த இடத்தில் கை பட்டால் அவன் உடல் நடுங்குகிறது, எந்த நாளில் வீக்கம் வடிகிறது என்று என் விரல்கள் படித்தன. அவன் அம்மா ஒன்றும் பேசாமல் கட்டன்சாயா தருவார். அதை வாங்கிக் குடிக்க எனக்கு அப்படிக் கூசும். அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு என் கைவேகம் குறையவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் கைக்குத் தெரிந்துவிட்டது.

வர்மம் பற்றி இன்னொரு நாள் என்றேன். இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பக்கத்து வர்ம மரபு 108 இடங்களை எண்ணுகிறது: அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிட ஆபத்து குறைந்த தொடுவர்மம் 96. தொட்டால் ஆள் சாவான் என்ற கதைதான் ஊரெங்கும் பரவியது. அடியோடு சேர்த்தே அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையையும் படிக்க வேண்டும் என்ற பாதி காணாமல் போய்விட்டது. நம் மாவட்டத்தில் அடிமுறை ஆசானிடமே எலும்பு முறிவுக்கும் கட்டுப் போடப் போவார்கள். அடி கற்றுத்தரும் கையும் கட்டுப் போடும் கையும் ஒரே கை.

என் 41-வது வயதில் உங்களைப் போல எடைக்காக ஒரு வகுப்பில் சேர்ந்தேன். டைல்ஸ் தரையில் முப்பது பேர், காது கிழிய பாட்டு, குதித்துக் குதித்து உதை. மூன்றாம் வாரம் முழங்கால் வீங்கியது. பயிற்சியாளர் ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். அடுத்த மாதம் கட்டணம் கேட்டு அழைத்தார்கள், முழங்கால் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 94 கிலோவோடு நீங்கள் அப்படிக் குதிப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

கிக் பாக்ஸிங்கைக் குறை சொல்லவில்லை. தக்கலைக்காரரும் நல்லவராகத்தான் இருப்பார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இரண்டு இடத்துக்கும் போங்கள். கட்டணம் கேட்பதற்கு முன் "எனக்குக் கால் பிசகினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உங்களைச் சேர்க்கும் முன் உங்கள் நடையைப் பார்க்கிறார்களா, பழைய அடி ஏதும் உண்டா என்று விசாரிக்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காதவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். யாரும் சரிப்படாவிட்டால் வடசேரியிலிருந்து புத்தேரிக் குளம் வரை தினமும் நடந்துவிட்டு வாருங்கள், அது போதும்.

அடுத்த கடிதத்தில் எடையை எழுத வேண்டாம். உங்கள் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று எழுதுங்கள்.